கடற்கரையில் இரும்பின் அரிப்பை அளப்பது எப்படி: இராமநாதபுரம் கரைக்கான செய்முறை

இராமநாதபுரம் கரையில் கூரைத் தகடு, படகுத்துறைத் தூண், தண்ணீர்த் தொட்டியின் ஏணி என எதைச் செய்யப் போனாலும், அந்த இரும்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டால் "உப்புக்காற்று, தாங்காது" என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது. அது உண்மை, ஆனால் அந்த விடையை வைத்துத் தகட்டின் கனத்தையோ துத்தநாகப் பூச்சின் அளவையோ முடிவு செய்ய இயலாது. ஆண்டுக்கு 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேயும் இடமும் 400 மைக்ரான் தேயும் இடமும் ஒரே வட்டாரத்திலேயே இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. நல்ல தராசு, சில தகடுகள், ஓராண்டுப் பொறுமை ஆகியவை இருந்தால் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியோ ஊர்ப் பட்டறையோகூட நம்பத்தக்க எண்ணைப் பெறலாம். அதற்கான முறையை இங்கே எழுதுகிறேன்.

அளவிட்ட எண்ணின் பயனை அறியப் பாம்பனைப் பார்த்தால் போதும். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் இரும்பு நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றில் நின்றதற்கு இடைவிடாத பராமரிப்பே காரணம். 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பற்றவைத்த இணைப்புகள், பாலிசிலாக்சேன் பூச்சு ஆகியவை தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டன. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் நெடுங்காலமாக உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதித்து வந்திருக்கிறது. அத்தகைய உழைப்பால்தான் இந்தியாவுக்கு ஓர் அரிப்பு வரைபடமே கிடைத்தது. ஆயினும் மண்டபத்தின் எண்ணை எடுத்து உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ கட்டும் கட்டடத்துக்குப் பொருத்தினால் பிழையாகும். உங்கள் இடத்தின் எண்ணை உங்கள் இடத்தில்தான் அளக்க வேண்டும்.

இடம் தேர்வு

கடலலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது; அவற்றுள் பெரியவை முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. ஆகவே கரையிலிருந்து உள்ளே போகப் போக உப்பின் வரவு முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. ஒரே இடத்தில் மட்டும் தகடு வைத்தால் இந்தச் சரிவு தெரியாது. அலை விளிம்பிலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர், 500 மீட்டர், 5 கிலோமீட்டர் என மூன்று நிலையங்களாவது வைப்பது நல்லது.

இந்தக் கரைக்கு இரண்டு கடல் உண்டு என்பதை மறக்கக் கூடாது. வடகடலான பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குக் காற்றின் காலத்தில் அலை ஓங்கி அடிக்கும். கச்சான் என்னும் அந்தத் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கிலிருந்தும், வாடை வீசும் மாதங்களில் வடக்கிலிருந்தும் உப்பு வருவதால், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் "கடலிலிருந்து எவ்வளவு தூரம்" என்பதற்கு இரண்டு எண்களைக் குறிக்க வேண்டும். தனுஷ்கோடியின் ஒடுங்கிய மணல் நாக்கில் ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு கடல் அருகிலேயே கொந்தளித்துக்கொண்டிருக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் தென்கடல் ஒன்றைத்தான் கணக்கிட வேண்டும். உப்பளங்களின் அருகே மட்டும் பாத்திகளிலிருந்து எழும் உப்புத்தூள் தனியாகச் சேரும் என்பதால் அந்தத் தூரத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

மரநிழல், சுவர் மறைவு, சமையற்புகை, மீன் உலர்த்தும் களம் ஆகியவற்றிலிருந்து விலகிய திறந்த இடம் வேண்டும். பனையோலை உரசினால்கூட துரு உதிர்ந்து கணக்குக் கெடும். வேலியும் ஆள் பார்வையும் உள்ள இடமாகவும் இருக்கட்டும். ஆடுமாடு முட்டுவதைவிடத் தகடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் அபாயமே பெரிது. பள்ளிக்கூட மாடி, ஊராட்சி நீர்த்தொட்டி வளாகம் போன்றவை பொருத்தமாக இருக்கும். தரைமட்ட நிலையத்தையும் மாடி நிலையத்தையும் நேராக ஒப்பிடாமல், உயரத்தைக் குறித்து வைக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை; வனத்துறையின் அனுமதியின்றி அங்கு எதையும் நடக்கூடாது.

தகடுகளைத் தயார் செய்தல்

முதன்மைத் தகடு சாதாரண கார்பன் எஃகு. 150 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம் என்ற அளவு கையாள எளிது. அலை விளிம்பை ஒட்டிய நிலையத்துக்கு 3 மி.மீ. எடுக்கலாம். சூடாக உருட்டிய தகட்டின் மேல் நீலக் கறுப்பாக ஒட்டியிருக்கும் ஆக்சைடுத் தோல் இடத்துக்கிடம் வேறுவிதமாக உடையும் என்பதால், குளிர்முறையில் உருட்டிய தகட்டையே கேட்டு வாங்க வேண்டும். எல்லாத் துண்டுகளும் ஒரே தகட்டிலிருந்து வெட்டப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எஃகில் கலந்திருக்கும் சிறிதளவு செம்பே துருவின் வேகத்தைக் கணிசமாக மாற்றிவிடும்; வெவ்வேறு தகடுகளைக் கலந்தால் நீங்கள் அளப்பது காற்றையா இரும்பையா என்று தெரியாமற்போகும்.

எஃகுடன் துத்தநாகத் தகட்டையும் சேர்க்குமாறு வற்புறுத்துவேன், ஏனெனில் இந்தக் கரையில் விற்கும் கூரையில் பெரும்பகுதி துத்தநாகம் பூசியதுதான். சோதனைக்குப் பூசிய தகட்டை எடுக்காமல் தூய துத்தநாகத் தகட்டையே எடுக்க வேண்டும்; பூச்சு தேய்ந்து அடியிலுள்ள எஃகு வெளிப்பட்டால் எடைக்கணக்கு குழம்பிவிடும்.

வெட்டிய விளிம்புகளை அரம் போட்டு மழுக்கி, 120 எண் எமரித் தாளால் ஒரே சீராகத் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உலர்ந்த காற்றில் உலர்த்த வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் வியர்வையின் உப்பே முதல் துருப்புள்ளியாகிவிடும். ஒவ்வொரு தகட்டுக்கும் அடையாளம் வேண்டும். பெயின்டில் எழுதிய எண் உதிரும். மேலோட்டமாக அடித்த முத்திரையைத் துரு தின்றுவிடும். ஆகவே விளிம்போரம் குறிப்பிட்ட இடங்களில் சிறு துளைகளிட்டு, அத்துளைகளின் அமைப்பையே எண்ணாகக் கொள்வதே உறுதியான வழி. துளையிட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே வெர்னியர் கருவியால் நீளம், அகலம், கனம் அளந்து, எடை பார்க்க வேண்டும்.

எஃகுக்குப் பத்து மில்லிகிராம் வரை காட்டும் தராசு போதும், ஏனெனில் இழப்பு கிராம் கணக்கில் இருக்கும். அலுமினியம் அப்படியல்ல. சதுர மீட்டருக்கு ஒரு கிராம் இழந்தாலும் மேற்சொன்ன அளவுள்ள தகட்டில் அது ஏறக்குறைய 30 மில்லிகிராம்தான். அதற்குப் பத்தில் ஒரு மில்லிகிராமைக் காட்டும் ஆய்வுத் தராசு தேவை. அந்த வசதி இல்லாதவர்கள் அலுமினியத்தில் எடை பார்க்காமல், குழிகளின் ஆழத்தை மட்டும் அளப்பது நேர்மையானது.

ஒவ்வொரு தவணைக்கும் மூன்று தகடுகள் வீதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு எனத் திட்டமிடலாம். இவற்றோடு வெளியே வைக்கவே வைக்காத மூன்று தகடுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கலத்தில் பத்திரப்படுத்த வேண்டும். இந்த வெற்றுத் தகடுகள் இல்லையென்றால் இறுதிக் கணக்குக்கே ஆதாரம் இல்லாமற்போகும்.

தாங்கியும் திசையும்

தாங்கியை மரத்திலோ நன்கு பூச்சிட்ட எஃகிலோ செய்யலாம். தகடு தாங்கியைத் தொடும் இடத்தில் பீங்கான் அல்லது நைலான் காப்பு கட்டாயம். செம்புக் கம்பியால் கட்டினால் தகடு தன் இயல்பான வேகத்தை விட்டு மின்வேதிச் சோடியாகி விரைந்து அரிக்கும். தகடுகள் கிடைமட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில், கடலை நோக்கி, கீழ்விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.க்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஒரு தகட்டில் வழியும் துருநீர் மற்றொன்றின் மேல் சொட்டாதபடி வரிசை அமைய வேண்டும். செம்புத் தகடு வைத்தால் அது கடைசி வரிசையின் அடியில்தான் இருக்க வேண்டும்.

இத்துடன் கூரையிட்ட இரண்டாவது தாங்கி ஒன்றையும் வைக்க வேண்டும். பலரும் இதைச் செலவென்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுவே சோதனையின் மிக முக்கியமான பகுதியாகத் தோன்றுகிறது. திறந்த தகட்டின் மேற்பரப்பில் படிந்த உப்பை வடகிழக்குப் பருவமழை கழுவிவிடுகிறது. கூரைக்கு அடியில் இருப்பதை எதுவும் கழுவுவதில்லை. காற்று கொண்டுவரும் உப்பு மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டுமின்றி மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. முன்னது காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. பின்னதற்கு 33 விழுக்காடே போதும். இந்தக் கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நேரம் அரிது என்பதால், மழையே படாத இரும்பும் பகலிலும் இரவிலும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலத்தைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. கூரைத் தகட்டின் அடிப்பக்கமும், பாலத்தின் உத்தரத்து உட்புறமும், படகுத்துறை மேடையின் கீழ்ப்பக்கமும் மேற்பக்கத்துக்கு முன்பே செதில் செதிலாக உதிர்வதற்கு இதுவே காரணம். மழை நனைக்காத இடத்தில் இரும்பு பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட எத்தனையோ கட்டமைப்புகள் அடியிலிருந்து இற்றுப்போவதைப் பார்க்கும்போது, இரண்டு தாங்கிகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஒரு தாள் எவ்வளவு பயன்படும் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் முடிவை மாற்றும். முதல் சில வாரங்களில் உருவாகும் துருவின் அடர்த்தியே பிற்கால வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வசதி இருந்தால் கச்சான் தொடங்கும் மே மாதத்தில் ஒரு தொகுதியும், பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு தொகுதியும் வைக்க வேண்டும். ஒரே தொகுதிதான் முடியும் என்றால் முழு ஆண்டுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். மூன்று மாத எடையை நான்கால் பெருக்கி ஆண்டு எண் என்று சொல்வது இந்த இரு பருவக் கரையில் எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல.

உப்பின் வரவை அளத்தல்

தகட்டின் எடை "எவ்வளவு" என்று சொல்லும். "ஏன்" என்று சொல்ல உப்பை அளக்க வேண்டும். இதற்கு ஈரத்திரி முறை எளிது. 25 மி.மீ. பருமனுள்ள ஒரு குழாயில் மருத்துவக் கட்டுத்துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் நுனிகளைக் கிளிசரினும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த குடுவைக்குள் விட்டால், துணி எப்போதும் ஈரமாக இருந்து காற்றிலுள்ள உப்பைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் வெளிப்படும் துணிப்பரப்பு 100 சதுர செ.மீ. இருக்கட்டும், மழை படாமல் மேலே சிறு கூரை வேண்டும். மாதம் ஒருமுறை துணியைக் குடுவை நீரிலேயே நன்கு அலசி, அந்த நீரின் மொத்தக் கொள்ளளவைக் குறித்து, அதில் ஒரு பங்கை எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில துளிகள் விட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலால் செங்கல் நிறம் தோன்றும்வரை துளித்துளியாக விட்டு முறித்தறிய (டைட்ரேஷன் செய்ய) வேண்டும். கரைசல் 0.0141 நார்மல் வலிமையுடையதாக இருந்தால் ஒவ்வொரு மில்லிலிட்டரும் 0.5 மில்லிகிராம் குளோரைடைக் குறிக்கும். வெளியே வைக்காத துணியின் அளவைக் கழித்து, பரப்பாலும் நாட்களாலும் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் படியும் மில்லிகிராம் கிடைக்கும். காற்றில் உலோகம் அரிப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9223-இன்படி 60 வரை குறைவு, 60 முதல் 300 வரை மிதமானது, 300 முதல் 1500 வரை கடுமை. குரோமேட் நச்சுப்பொருள், கழிவைத் தனிப் புட்டியில் சேர்த்துக் கல்லூரி ஆய்வகத்தின் வழியே அகற்ற வேண்டும்.

துருவை நீக்கி எடை பார்த்தல்

பெரும்பாலான சோதனைகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். கழற்றிய தகட்டை முதலில் இருபுறமும் படம் எடுத்து, உதிரும் துருவை மென்மையான நைலான் தூரிகையால் தனித்தாளில் சேகரிக்க வேண்டும். பிறகு எஃகுத் தகட்டுக்கான கரைசல்: 500 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 3.5 கிராம் ஹெக்ஸமீத்திலீன் டெட்ராமீன், மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை காய்ச்சி வடித்த நீர். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமே தவிர நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. டெட்ராமீன் துருவைக் கரைய விட்டு, அடியிலுள்ள இரும்பை அமிலம் தின்பதைக் குறைக்கிறது. புகை வெளியேறும் அறையில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, அருகில் தீப்பொறி இல்லாமல், அறை வெப்பத்தில் பத்து நிமிடம் அமிழ்த்தி, எடுத்து, தேய்த்துக் கழுவி, அசிட்டோனில் அலசி உலர்த்தி எடை பார்க்க வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தாமல் இதைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் எடையைக் குறித்து வரைபடம் போட வேண்டும். முதல் சுற்றுகளில் எடை வேகமாக இறங்கும், அது துரு. பிறகு கோடு ஏறக்குறைய சாய்வற்றதாகும். அது அமிலம் உலோகத்தைத் தொடுவதன் அடையாளம். கோடு வளையும் புள்ளியில்தான் துரு தீர்ந்திருக்கிறது. வெற்றுத் தகட்டையும் அதே கரைசலில் அதே நேரம் அமிழ்த்தி, அது இழக்கும் எடையைக் கழிக்க வேண்டும்.

துத்தநாகத்துக்கு இந்த அமிலம் ஆகவே ஆகாது, தகடே கரைந்துவிடும். ஒரு லிட்டரில் 100 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்து, 70 பாகை செல்சியஸில் இரண்டு முதல் ஐந்து நிமிடம் போதும். பயன்படுத்திய அமிலக் கரைசலைச் சுண்ணாம்பு இட்டு நடுநிலையாக்கி, அடியில் தங்கும் வண்டலைத் தனியே அகற்ற வேண்டும். எந்தக் கரைசலையும் கடலிலோ ஊருணியிலோ ஊற்றுவது கூடவே கூடாது.

கணக்கு

நம் தகட்டின் இரு முகங்களும் விளிம்புகளும் சேர்ந்து 310 சதுர செ.மீ. ஓராண்டில் தகடு 24.44 கிராம் இழந்தது, வெற்றுத் தகடு 0.04 கிராம் இழந்தது என்று வைத்துக்கொள்வோம். மெய்யான இழப்பு 24.40 கிராம். இதைப் பரப்பாலும் எஃகின் அடர்த்தியான 7.86ஆலும் வகுத்தால் 0.0100 செ.மீ., அதாவது ஒரு முகத்துக்கு 100 மைக்ரான். அதே ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை முதலாண்டு இழப்பை வைத்து இடங்களை அரிப்பு வகைகளாகப் பிரிக்கிறது: எஃகுக்கு 25 முதல் 50 மைக்ரான் வரை சி3, 50 முதல் 80 வரை சி4, 80 முதல் 200 வரை சி5, 200 முதல் 700 வரை மிகக் கடுமையான சி.எக்ஸ். வகை. நம் எடுத்துக்காட்டு இடம் சி5.

துத்தநாகத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை சி5, அதற்கு மேல் 25 வரை சி.எக்ஸ். இதைக் கடைத்தெருவோடு பொருத்திப் பாருங்கள். இரு முகத்துக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சுள்ள கூரைத் தகட்டில் ஒரு முகத்தின் பூச்சு 8.4 மைக்ரான்தான், சி.எக்ஸ். இடத்தில் அது ஓராண்டுகூட நிற்காது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்து, ஒரு முகத்துக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் ஏற்றிய கட்டமைப்பு எஃகில் 85 மைக்ரான் இருக்கும். விலை வேறுபாட்டைவிட இந்த வேறுபாடு பெரிது என்பதைக் கூரை வாங்கும் குடும்பத்துக்கு எண்ணோடு காட்ட முடியும்.

நீண்ட கால மதிப்பீட்டுக்கு, முதலாண்டு இழப்பை ஆண்டுகளின் 0.523 அடுக்கால் பெருக்குவது ஐ.எஸ்.ஓ. 9224 காட்டும் வழி. பத்தாண்டுக்கு அது 3.33 மடங்கு: நம் இடத்தில் 333 மைக்ரான். பாதுகாப்பான பக்கம் நிற்க விரும்பினால் 0.575 அடுக்கைக் கொள்ளலாம். அப்போது 376 மைக்ரான். இவை ஒரு முகத்துக்கானவை. இருபுறமும் காற்றுப்படும் தகட்டின் கனத்தில் இரு மடங்கு குறையும். இந்தச் சூத்திரம் துருப்படலம் ஓரளவு காப்பாகும் என்ற அடிப்படையில் அமைந்தது. உப்பு தங்கும் கூரையடி இடங்களில் துரு செதிலாக உதிர்ந்து புதிய உலோகம் வெளிப்பட்டுக்கொண்டே இருப்பதால், அங்கே இரண்டாண்டு எண் கைக்கு வரும்வரை ஆண்டிழப்பை ஆண்டுகளால் நேராகப் பெருக்கியே வடிவமைக்க வேண்டும். சராசரி எண் குழிகளைக் காட்டாது என்பதால், துரு நீக்கிய ஒவ்வொரு எஃகுத் தகட்டிலும் ஆழமான ஐந்து குழிகளை ஆழமானியால் அளந்து, எடைக்கணக்குக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். தண்ணீர்த் தொட்டி, குழாய் போன்றவற்றில் ஓட்டை விழுவது சராசரியாலன்று, அந்த ஆழமான குழியால்தான்.

பதிவேட்டில் தகட்டின் துளை எண், எஃகின் மூலம், வைத்த தேதி, எடுத்த தேதி, இரு கடல்களிலிருந்தும் தூரம், தரையிலிருந்து உயரம், மாதவாரி உப்பு வரவு, ஒவ்வொரு கழுவலுக்குப் பின் எடை ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். புயல் கடந்த நாட்களையும், தாங்கி சாய்ந்து நிமிர்த்திய நாட்களையும் அன்றே எழுதிவிட வேண்டும். கழுவிய தகடுகளை எறியாமல் மெல்லிய எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தால், எண்ணில் ஐயம் எழும்போது மறுபடி கனம் அளந்து சரிபார்க்கலாம். ஓராண்டுத் தகடுகளைக் கழற்றிய இடத்தில் அன்றே புதிய தகடுகளை ஏற்றிவிட்டால், ஓராண்டின் எண் அந்த ஆண்டின் மழைக்கும் காற்றுக்கும் மட்டும் உரியதா, இடத்துக்கே உரியதா என்பது அடுத்த ஆண்டில் தெரியும்.